சொல்லாமல் எழுந்து போனவர்கள்

இப்போதெல்லாம் செத்தவனைக்கூட எவனும் நிம்மதியாக இருக்க விடுவதில்லை. முன்பு ஒரு ஆள் போய்விட்டால் அழுவார்கள், காட்டுக்குக் கொண்டுபோவார்கள், கருமாதிச் சோறு போடுவார்கள், அதோடு அவனவன் வேலையைப் பார்க்கப் போவான். இப்போது தலைக்குக் குளித்து, சென்ட் அடித்து, கல்யாண வீட்டுக்குக் கிளம்புகிற மாதிரி கிளம்பி, சங்ககிரி ரோட்டில் இருக்கிற அந்தக் கண்ணாடிக் கட்டடத்துக்குப் போய்ச் செத்தவனோடு பேசிவிட்டு வருகிறார்கள். பேசுவதாவது உருப்படியாக இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. போன தடவை பக்கத்து அறையில் ஒருவன், "மாமா, நம்மாளுக மேட்ச்சுல செயிச்சுட்டாங்க" என்று கத்திக்கொண்டிருந்தான். செத்த மாமாவுக்கு ஜெயித்தால் என்ன, தோற்றால் என்ன.

டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது நாச்சிமுத்துவின் மனசு இப்படித்தான் கருவிக்கொண்டிருந்தது. வயது எழுபத்தொன்று. படித்தது மூன்றாம் வகுப்பு. நாற்பது வருஷம் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரியோடு திருச்செங்கோட்டிலிருந்து கிளம்பி ஆந்திரா, ஒடிசா என்று சுற்றியவர். நீரோட்டம் பார்க்கக் கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நடந்தவனும் தண்ணி இருக்கிறது என்றுதான் சொன்னான். மெஷினை வைத்துப் படம் பிடித்துக் காட்டிய படித்தவனும் அதையேதான் சொன்னான். ஆயிரம் அடிக்குக் கீழே வெறும் புழுதி வந்தபோது ஒருத்தனும் பக்கத்தில் இல்லை. பூமிக்கு அடியில் இருப்பதையே சொல்லத் தெரியாதவர்கள் சாவுக்கு அந்தப் பக்கம் இருப்பதைச் சொல்கிறார்களாம்.

இன்று அவருடைய பேரன் செந்தூரன் செத்து நூறாம் நாள். பதினெட்டு வயசு. மழையில் வண்டியை எடுத்துக்கொண்டு போனவன், குமாரமங்கலம் பிரிவில் லாரிக்கு அடியில் போய்விட்டான். ஆறாம் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒட்டுகிற மாதிரி அவன் காதுக்குப் பின்னாலும் ஒரு பொத்தானை ஒட்டியிருந்தார்கள். அது அவன் பேசியதை, சிரித்ததை, திட்டியதை எல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஆள் போனதும் அதிலிருந்து ஒரு குரலைச் செய்து, மறுகரை நிலையம் என்கிற அந்தக் கண்ணாடிக் கட்டடத்தில் வைத்துவிட்டார்கள். கேட்டால் பதில் சொல்லும். கேட்காவிட்டாலும் சொல்லும்.

நூறாம் நாள் ரத்த சொந்தம் வந்து முடிவு சொல்ல வேண்டும். வைத்திருப்பதா, மூடுவதா. செந்தூரனின் அம்மா, நாச்சிமுத்துவின் மகள், அவனுக்கு நாலு வயதிலேயே செத்துப்போனாள். அப்பன் வேறு குடும்பம் கட்டிக்கொண்டு எங்கேயோ இருந்தான். எழுதிக் கொடுத்து ஒதுங்கிவிட்டான். மிச்சம் இருந்த ரத்த சொந்தம் நாச்சிமுத்து ஒருவர்தான். மூடிவிட்டு வருவது என்று முடிவு செய்துதான் அவர் வீட்டைப் பூட்டினார்.

நிலையத்து வாசலில் ஒரு சத்தம்.

"ஏம்புள்ள, உனக்கு வாயில நல்ல சொல்லே வராதா? எழவு எடத்துல நின்னுக்கிட்டு, போயிட்டு வர்றேன்னு சொல்லுங்கங்கற. என்ற வூட்டுல இன்னொரு உசுரு போகோணுமா உனக்கு?"

"அப்படி இல்லீங்க்கா. அவியளுக்குத்தான்..."

"கம்முனு போயிரு. வாய்க்குள்ள நாக்கை வெச்சுக்கிட்டுப் போயிரு."

திட்டிய பெண்பிள்ளை விறுவிறுவென்று போய்விட்டாள். திட்டு வாங்கியவள் அசையவில்லை. அடுத்து வெளியே வந்த ஆளிடமும் அதையே சொன்னாள். அந்த ஆள் காதில் விழாத மாதிரி செருப்பை மாட்டினான்.

நாச்சிமுத்துவுக்கு அவளைத் தெரியும். ஹர்ஷிதா. சின்னராசு மகள். சின்னராசு அவருடைய ரிக்கில் பதினாலு வருஷம் சேறு வழித்தவன். அவர் முன்னால் உட்கார்ந்து ஒரு நாளும் சோறு தின்னாதவன். இந்தப் பெண்ணைக் கட்டிக்கொள்வேன் என்று செந்தூரன் சொன்னதில்தான் அவருக்கும் அவனுக்கும் அந்த மழை நாளில் சண்டை. அவர் ஒரு வார்த்தை சொன்னார். அவன் வண்டிச் சாவியை எடுத்தான்.

அவளைப் பார்க்காத மாதிரி உள்ளே போகப் பார்த்தார். அவள் குறுக்கே வந்து நின்றாள்.

"தாத்தா, மூடறதுக்குத்தானே வந்தீங்க?"

அவள் அப்பன் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு 'ஐயா' என்பான். இவள் நேராகத் தாத்தா என்கிறாள்.

"அது என்ற சொந்த விசயம். நீ ஆரு கேக்கறதுக்கு?"

"அதைத்தான் நானும் நூறு நாளா யோசிச்சுக்கிட்டு இருக்கேன். காலேஜ்லயும் அதையேதான் கேக்கறாங்க. அக்கா தங்கச்சி செத்தா பத்து நாள் லீவு உண்டு. எனக்கு ஒரு நாளும் இல்லை. நான் ஆருன்னு எழுதறதுக்கு அவங்ககிட்ட ஒரு கட்டம் இல்லை."

"வழிய உடு."

அவள் வழி விட்டாள். ஆனால் பின்னாலேயே உள்ளே வந்தாள்.

நிலையத்துப் பொறுப்பாளர் மோகனப்பிரியா முப்பது வயது மதிக்கத்தக்க பெண். மேஜையில் ஒரு கண்ணாடிப் பலகையை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அவளுடைய முகத்தைப் பார்த்தால் சரியாகத் தூங்கிப் பல நாள் ஆனவள் மாதிரி இருந்தது.

"வாங்கய்யா. உக்காருங்க. கைநாட்டு வெக்கறதுக்கு முன்னால ஒரு தடவை உள்ள போய்ப் பேசிட்டு வந்துருங்க. சட்டம் அப்படி."

"பதினாறாம் நாளே பேசியாச்சு. அதுவே போதும்."

"என்ன பேசுச்சுங்க?"

"வந்து உக்காந்ததும் உக்காராததுமா, 'அப்புச்சி, உங்க மேல எனக்கு ஒரு கோவமும் இல்லீங், மனசைப் போட்டு ஒழட்டிக்காதீங்க'ன்னு சொல்லுச்சு." நாச்சிமுத்து துண்டால் வாயைத் துடைத்தார். "ஏழு வயசுல அவன் வளத்த ஆட்டுக்குட்டியை வித்துப்போட்டேன்னு அஞ்சு நாள் எங்கூடப் பேசலை. பதினஞ்சு வயசுல ஒரு அறை உட்டேன், பதினொரு நாள். அவனாவது, வந்தவுடனே மன்னிக்கறதாவது. எவனோ சொல்லிக் குடுத்ததை அது ஒப்பிக்குது. அப்பவே தெரிஞ்சு போச்சு, எந்திரிச்சு வந்துட்டேன்."

மோகனப்பிரியா தலையைக் குனிந்துகொண்டாள். "நீங்க சொல்றது நெசந்தானுங்கய்யா. மொதல் தடவை வர்றவிய ஒடஞ்சு போய் வருவாங்கன்னு, கொஞ்சம் மெத்துனு பேச வெச்சிருக்காங்க. போகப்போக அது தேஞ்சு, அவியவிய கொணம் வந்துரும்."

"அப்பப் பொய்யின்னு நீயே ஒத்துக்கற."

"அன்னிக்குப் பேசுனது பாதிப் பொய்யிங்க."

"இன்னும் ஒன்னு இருக்குது, அதையும் சொல்லுங்க்கா" என்றாள் ஹர்ஷிதா. கதவருகே நின்றுகொண்டிருந்தாள். உட்காரச் சொல்ல அங்கே யாருக்கும் தோன்றவில்லை. "அவரு எப்படி எந்திரிச்சு வந்தாருன்னு கேளுங்க."

"எப்படி வர்றது? எழவு வூட்டுல இருந்து எப்படி எந்திரிச்சு வருவாங்களோ அப்படித்தான். கம்முனு எந்திரிச்சு, ஆருகிட்டயும் சொல்லாம வந்தேன்."

மோகனப்பிரியா அவளை முறைத்தாள். அவள் பயப்படவில்லை. கடைசியில் மோகனப்பிரியாவே சொன்னாள்.

"இந்த ஏற்பாட்டை எங்கேயோ வெளிநாட்டுல எழுதுனாங்கய்யா. அங்க எல்லாரும் பேசி முடிச்சதும் வர்றேன், பார்க்கலாம், ஏதோ ஒன்னு சொல்லிட்டுத்தான் எந்திரிப்பாங்களாம். அந்த வார்த்தை காதுல விழுந்தா குரல் தூங்கிரும். அடுத்து நீங்க வர்ற வரைக்கும் அதுக்கு நேரமே தெரியாது. வர்ற ஒவ்வொருத்தருக்கும் ஒரு தனி வழி. உங்க வழி உங்க குரலுக்கு மட்டுந்தான் தொறக்கும், நீங்க சொன்னாத்தான் மூடும்."

"சொல்லலீன்னா?"

"சொல்லலீன்னா..." அவள் பலகையைத் திருப்பித் திருப்பி வைத்தாள். "நீங்க இன்னும் எதிர்ல உக்காந்திருக்கீங்கன்னு நெனச்சுக்கும். பேசாம உக்காந்திருக்கீங்கன்னு."

நாச்சிமுத்துவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது கோபம்தான் வந்தது.

"எண்பத்து நாலு நாளா நீங்க அவன் முன்னால மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க, தாத்தா" என்றாள் ஹர்ஷிதா. "எங்கம்மாவும் என்னை அப்படித்தான் அனுப்புச்சு. சொல்லாம வந்துரு, திரும்பிப் பாக்காதேன்னு. நானும் மொதல் தடவை அப்படியே வந்துட்டேன். ஒம்பது நாள் கழிச்சுப் போனா, 'ஒம்பது நாளா உன்னைக் கூப்புட்டுக்கிட்டு இருக்கறேன், நான் என்ன தப்புப் பண்ணுனேன்'னு கேக்கறான். இந்த ஊர்ல முந்நூறு பேர் அப்படித்தான் முழிச்சுக்கிட்டு இருக்காங்க. இந்த அக்கா ஒரு போர்டு வெச்சாங்க, சொல்லிட்டுப் போங்கன்னு. மறுநாளே ஒடச்சுட்டாங்க."

"ஒடைக்காம? எழவு வூட்டுல போயிட்டு வர்றேன்னு சொன்னா, மறுபடியும் ஒரு எழவுக்கு வர்றேன்னுதான அர்த்தம்?"

"தெரியுமுங். எனக்கு வெளக்க வேண்டாம். வாசல்ல நின்னு அதைச் சொல்லித்தான் தெனமும் திட்டு வாங்கறேன்."

"வாங்கு. ஆரு வேண்டாங்கறா? கம்பிக்குள்ள கெடந்து ஒரு மெசினு கத்துனா எனக்கென்ன?"

"அப்பப் போய் அது கத்தறதைக் கேட்டுட்டு வந்து மூடுங்க. கேக்கறதுக்கு என்ன பயம்?"

பயம் என்று சின்னராசு மகள் சொல்லி அவர் கேட்க வேண்டியிருக்கிறது. நாச்சிமுத்து எழுந்தார்.

அறைக்குள் ஒரு நாற்காலி. எதிரே சுவரில் சல்லடை மாதிரி ஓட்டைகள், அதற்கு மேலே ஒரு பச்சை விளக்கு. எண்பத்து நாலு நாளாக அது எரிந்துகொண்டிருந்திருக்க வேண்டும். அவர் உட்கார்ந்தார். தொண்டையைக் கனைத்தார். ஒன்றும் இல்லை.

"ஆரும் இல்லியா?"

"இருக்கறேனுங்."

"அப்பப் பேசறது."

"நீங்கதானுங் பேசோணும். கம்முனு உக்காந்திருக்கறது நீங்கதானுங். தண்ணி குடிச்சீங்களான்னு கேட்டேனுங். பதில் இல்லீங். கோவமான்னு கேட்டேனுங். அதுக்கும் இல்லீங். போரடிச்சு, நம்ம ரிக்குப் போன ஊரு பேரெல்லாம் வரிசையாச் சொல்லிப் பாத்தேனுங், நடுவுல ஒன்னு தப்பாச் சொன்னா நீங்க திருத்துவீங்கன்னு. அதுக்கும் வாயைத் தொறக்கலீங். இப்ப எனக்கும் பேசறதுக்கு ஒன்னும் இல்லீங்."

கோபம் வந்தால் அவன் இப்படித்தான் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மரியாதையைத் தொங்கவிடுவான். அந்த மரியாதை செருப்படியை விட மோசமாக இருக்கும்.

"நான் இங்க இல்லடா. அன்னிக்கே வூட்டுக்குப் போயிட்டேன்."

"சொல்லிட்டுப் போயிருக்கலாமில்லீங்."

"எழவு எடத்துல எவன்டா சொல்லிட்டுப் போவான்?"

"நான் செத்தது எனக்கும் தெரியுமுங். ஒவ்வொருத்தரும் வந்து ஞாபகப்படுத்தோணும்னு இல்லீங்."

நாச்சிமுத்து ஓட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். இதை அவன் சொல்லியிருக்க மாட்டான். எப்படிச் சொல்லுவான், உயிரோடு இருந்தவன்தானே. ஆனால் சொல்ல வேண்டி வந்திருந்தால் இதே மாதிரிதான் சொல்லியிருப்பான். உடனே அவருக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது. ஏழெட்டு வருஷம் காதுக்குப் பின்னால் உட்கார்ந்து ஒட்டுக்கேட்டால் மைனாகூடத்தான் இப்படிப் பேசும்.

"அன்னிக்கு நான் உன்னை என்ன சொன்னேன்? சொல்லு பாக்கலாம்."

"என்னைச் சொன்னதை உடுங். நீங்க திட்டாத திட்டா. வீதி முக்கு திரும்பறதுக்குள்ள மறந்துட்டேனுங். அவளைச் சொன்னீங்களே, அதுக்குத்தான் நான் வண்டியை எடுத்தது. அதைத் திருப்பி எடுத்துக்குங். பொறவு எத்தனை நாள் வேணும்னாலும் பேசறேனுங்."

"எடுக்க மாட்டேன்னா?"

"அப்ப நீங்களும் உக்காந்திருங். நானும் உக்காந்திருக்கறேனுங். எனக்குச் சோறு வேண்டாம், தண்ணி வேண்டாம். உங்களுக்குத்தான் இடுப்பு வலிக்குமுங்."

நாச்சிமுத்து உட்கார்ந்தே இருந்தார். வெளியே யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது. இடுப்பு நிஜமாகவே வலித்தது. அந்த வார்த்தையைத் திருப்பி எடுக்க அவருக்கு வாய் வரவில்லை. எழுபத்தொரு வருஷத்தில் சொன்ன எதையும் அவர் திருப்பி எடுத்ததில்லை. ஒரு சுவரிடமா எடுப்பது.

எழுந்தார். கதவு வரைக்கும் போனார். பிடியில் கையை வைத்துக்கொண்டு, திரும்பாமல் சொன்னார்.

"நான் எந்திரிச்சுட்டேன். வெளிய போறேன். இங்க உக்காந்திருக்கறேன்னு நெனச்சுக்கிட்டு இருக்காத."

"எப்ப வருவீங்?"

"தெரியாது."

"வருவீங்களான்னாச்சும்..."

"அதுவும் தெரியாது. பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை."

"அது எனக்குத் தெரியுமுங்" என்றது குரல். பச்சை விளக்கு அணைந்தது.

மேஜையில் பலகை தயாராக இருந்தது. அதில் இரண்டு கட்டங்கள். ஒன்று வைத்திருக்க, ஒன்று மூட. மோகனப்பிரியா எந்தக் கட்டம் எது என்று காட்டினாள். ஹர்ஷிதா சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். கெஞ்சுகிற முகமாக இல்லை அது. அடித்தால் திருப்பி அடிக்கிற முகம்.

"மூடிட்டா நீ என்ன பண்ணுவ?" என்றார் நாச்சிமுத்து.

"அழுவேன். பொறவு உங்க மேல கேஸ் போடுவேன்."

"கேஸா? எந்த மொறையில?"

"அதுதான் தெரியலைன்னு சொன்னேனே."

"இதுக்குள்ள இருக்கறது அவன்தான்னு நீ நம்பறயா?"

"பாதி நாள் நம்பறதில்லை. பஸ்ஸுல தெனமும் டிபன் பாக்ஸை வெச்சு எனக்குச் சீட்டுப் புடிச்சுக் குடுப்பான், தாத்தா. ரெண்டு வருசம். ஒரு நாளும் என்னைப் புடிச்சிருக்குன்னு சொன்னதில்லை. சொன்னது இங்க வந்துதான், அந்தச் சொவத்துல இருந்து. செத்தவன் சொன்னதை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? அவன் சொன்னானா, இவங்க மெத்துனு பேச வெச்சாங்களான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"அப்ப மூடிர வேண்டியதுதான?"

"மூடறதா இருந்தா நான் மூடோணும். அவன்கிட்டக் கேட்டுட்டு, அவனும் சரின்னு சொன்ன பொறவு. நம்பாதவரு ஒருத்தரு வந்து கைநாட்டு வெச்சு முடிச்சுட்டுப் போறதுக்கு இது என்ன போர்க் கெணறு மூடறதா?"

மோகனப்பிரியா பயந்துபோய் அவரைப் பார்த்தாள். நாச்சிமுத்து பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ முடிவு பண்றதுக்கு என்ன வழி?"

"ரத்த சொந்தம் இல்லாதவிய பண்ண முடியாதுங்கய்யா. ரத்த சொந்தம் எழுதிக் குடுத்தா முடியும். இவிய எங்க குடும்பம்னு, மொறையைப் போட்டு."

"எழுது."

"என்ன மொறைங்க?"

"என்ற பேரன் கட்டிக்கறதா இருந்த புள்ளை."

"அப்படி ஒரு மொறை இதுல இல்லீங்கய்யா. கணவன், மனைவி, மகன், மகள்... கடைசியா 'இதர'ன்னு ஒன்னு இருக்குது. அதுல போட்டுரலாமுங்க."

"'இதர'ன்னா?"

"மத்தவங்கன்னு அர்த்தமுங்க."

"மத்தவன்னு எழுதறதுக்கு நான் எதுக்கு?" அவருக்குக் குரல் உயர்ந்தது. "அந்த ஒரு வார்த்தையைத்தான் நான் அன்னிக்குச் சொன்னேன். அவ ஆரோ, நாம ஆரோன்னு. இன்னிக்கும் அதையே எழுதறதுக்கா பஸ் ஏறி வந்தேன்? பேத்தின்னு எழுது."

மோகனப்பிரியா எழுதினாள். பெயரைக் கேட்டாள். அவர் சொன்னது 'அர்சிதா' என்று வந்தது; மோகனப்பிரியாவே திருத்திக்கொண்டாள். நாச்சிமுத்து கட்டை விரலைப் பலகையில் அழுத்தினார். நாற்பது வருஷம் இரும்பு பிடித்துத் தேய்ந்த ரேகை. முதலில் பலகை ஏற்கவில்லை. விரலைத் துண்டில் துடைத்து இன்னொரு தடவை அழுத்தினார்.

ஹர்ஷிதா அழவில்லை. சுவரை விட்டு நகர்ந்து மேஜைக்குப் பக்கத்தில் வந்து, அங்கே கிடந்த இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அவர் எதிரே உட்கார்ந்தாள்.

"எங்கப்பாகிட்ட நீங்களே வந்து சொல்லோணும்."

"சின்னராசை வந்து என்னைப் பாக்கச் சொல்லு."

"வர மாட்டாரு. நீங்கதான் வரோணும்."

"பாக்கலாம்."

"உள்ள அவன்கிட்டச் சொல்லட்டுங்களா? நீங்க எழுதிக் குடுத்ததை?"

"சொல்லாத."

"ஏனுங்?"

"சொன்னா நான் தோத்துட்டேன்னு நெனச்சுக்குவான்." சொல்லிவிட்டு உடனே நிறுத்தினார். அவன், நெனச்சுக்குவான். என்ன பேச்சு இது. "மெசினுகிட்ட எதுக்குச் சொல்லோணும்னேன்" என்று திருத்திக்கொண்டு எழுந்தார்.

மோகனப்பிரியா டிராயரைத் திறந்து, பொட்டு அளவுக்கு ஒரு பொத்தானைக் காகிதத்தில் வைத்து நீட்டினாள். "ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. வயசானவியளுக்கு இதையும் குடுக்கச் சொல்லியிருக்காங்க. இப்ப மாட்டுனாக்கூடப் போதும். நாளைக்கு உங்களைத் தேடறவிய இருந்தா..."

"நான் செத்தா செத்ததுதான். என்னைச் சொவத்துக்குள்ள வெச்சா வர்றவன் போறவனையெல்லாம் திட்டிக்கிட்டு இருப்பேன். உங்களுக்குத்தான் தொந்தரவு."

பொத்தானை மேஜை மேலேயே வைத்துவிட்டு வெளியே வந்தார். வெயில் கொளுத்தியது. வாசலில் ஒரு குடும்பம் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தது. கையில் பூ, தூக்குப்போசியில் ஏதோ பலகாரம். செத்தவன் தின்னப் போகிறானாம். நாச்சிமுத்து தலையை ஆட்டிக்கொண்டே படி இறங்கினார். அவருக்குப் பின்னால் ஹர்ஷிதா ஓடி வந்து கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தாத்தா, ஒன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க. இப்பவாச்சும் நம்பறீங்களா, இல்லியா?"

"இல்லை" என்றார், திரும்பிப் பார்க்காமல்.

டவுன் பஸ் வந்து நின்றது. அவர் அதைக் கவனிக்கவில்லை. நிறுத்தத்தைத் தாண்டி, சின்னராசு வீடு இருக்கிற பக்கமா, தன் வீடு இருக்கிற பக்கமா என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியாதபடி, ரோட்டு ஓரமாகவே வேகமாக நடந்துகொண்டிருந்தார்.